பாம்புக்குப் பெட்டி பார்ப்பது

எங்கள் மருத்துவமனைக்குப் பாம்பைக் கொண்டுவருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது, "பெட்டியை போட்டோ எடுத்து வந்திருக்கிறீர்களா?" என்றுதான். பாம்பைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் பிறகு. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கால்நடை மருத்துவமனை ஒன்றில் நான் செவிலியர். நாய், பூனைக்கு நடுவே ஆமை, ஓணான், பாம்பு எல்லாம் வந்துபோகும் இடம். வயிற்றில் தீக்காயம், மூக்கு நுனியில் புண், மூச்சில் கரகரப்பு, பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்ட சட்டை என்று வரும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் பெட்டியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து போன் பேசும் உறவுகளுக்கு இந்த வேலை புரிவதே இல்லை. "பாம்புக்கு ஆஸ்பத்திரியா? அதற்கு நர்ஸாடி நீ?" என்று சித்தி இன்னும் கேட்கிறாள்.

இங்கே வீட்டில் பாம்பு வளர்ப்பது சாதாரணம். வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து வந்த கார்ன் ஸ்னேக்கும், மேற்கு ஆப்பிரிக்காவின் ராயல் பைத்தானும் கடைகளில் கிடைக்கும். ராயல் பைத்தானை அமெரிக்காவில் பால் பைத்தான் என்பார்கள்; பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இரண்டுக்கும் விஷம் கிடையாது, உரிமமும் வேண்டாம். விஷப்பாம்பு வேண்டுமென்றால்தான் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தோட்டத்துச் சாரையைப் பிடித்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். நம் மண்ணின் சாரையையோ, நல்ல பாம்பையோ, மலைப்பாம்பையோ பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றாலும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வளர்க்க முடியாது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியிலிருந்து 47 மலைப்பாம்புகளைத் திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் எடுத்தார்கள். துளை போட்ட சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்துத் துணிமணிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பாம்பை டப்பாவில் போட்டு மூச்சு விட வைப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு அது சாட்சி. ஒரு விமானப் பயணத்துக்கு உயிரோடு வைத்திருப்பது வேறு, இருபது வருஷம் வைத்திருப்பது வேறு. ராயல் பைத்தான் இருபது, முப்பது வருஷம் சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒன்று, அறுபது வயது தாண்டி 2020-இல் முட்டையே இட்டது.

பாம்பின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சாப்பிட்டது செரிக்க வெயில் வேண்டும். சூடு அதிகமானால் நிழலுக்கு நகர வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் ஈரம் வேண்டும். காட்டில் இதற்கெல்லாம் கல், புற்று, எலி வளை, புதர் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. வீட்டில் இருப்பது பெட்டி மட்டும். ஆகவே நாம் கடையில் வாங்குவது பெட்டியை அல்ல, அந்தப் பாம்பின் வானிலையை. அழகாக இருக்கிறதா, வரவேற்பறையில் பொருந்துகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு. ஆனால் கனம், சூடு நிற்காது, மேலே கம்பி வலை மூடி இருந்தால் ஈரமெல்லாம் அதன் வழியே போய்விடும். இங்கிலாந்தில் பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது மரப்பெட்டி, அதாவது பளபளப்புத் தாள் ஒட்டிய மரத்தூள் பலகை. சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். கார்ன் ஸ்னேக்குக்குப் பரவாயில்லை. ஆனால் எழுபது சதவீத ஈரம் கேட்கும் ராயல் பைத்தானை அதில் விட்டால், இரண்டு மூன்று குளிர்காலத்தில் மூலையில் தண்ணீர் இறங்கிப் பலகை அப்பளமாக உப்பிவிடும். பிளாஸ்டிக் இங்கேதான் ஜெயிக்கிறது. ஊறாது, உளுக்காது, சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடாது. ஆபத்தும் அதே குணத்தில்தான் இருக்கிறது. சூடும் ஈரமும் வெளியே போகாத இடத்தில் காற்றும் போகாது.

இதை நினைக்கும்போது எனக்கு மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் பார்த்த பானைகள் ஞாபகம் வரும். செங்கல்பட்டுக்காரி நான், பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கையும் மண்பானையில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். உள்ளே இருட்டு, அடியில் குளிர்ச்சி, மண் மூச்சு விடுகிறது, துணி வழியே காற்று. செலவு ஒன்றும் இல்லை. சென்னைச் சூட்டில் அது போதும். லெஸ்டரின் ஜனவரியில் அதே பானைக்குள் இருந்தால் பாம்பு விறைத்துப் போகும். பெட்டி என்பது எந்த ஊரில் வைக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு வகை. ஒன்று, போர்வை, பொம்மை போட்டு வைக்கும் மூடி போட்ட சாதாரண டப்பா. அதை வாங்கித் துளை போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, பாம்புக்கென்றே பிவிசி பலகையால் செய்து முன்பக்கம் தள்ளும் கண்ணாடி வைத்த பெட்டி. டப்பா வாங்குவதானால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். வளையும், உடையாது, துளை போட இணங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும், துளைப்பான் பட்டதும் விரிசல் விடும். பிவிசி பெட்டி விலை அதிகம், ஆனால் இலேசு. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம். புதிதாக வந்ததும் ஒரு நெடி அடிக்கும்; கதவைத் திறந்து போட்டு, உள்ளே விளக்கை எரியவிட்டு, நெடி போன பிறகுதான் பாம்பை விட வேண்டும். நான்கு அடிக்கு மேல் அகலமானது என்றால் மேல்பலகை நடுவில் தொய்கிறதா என்று பாருங்கள். தொய்ந்தால் கண்ணாடி தடத்தில் இடுக்கு விழும்.

இடுக்கு விஷயத்தில் கார்ன் ஸ்னேக்கை யாரும் குறைத்து எடை போட வேண்டாம். குட்டி, பென்சில் கனம்தான் இருக்கும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். டப்பாவின் பூட்டு இரண்டு முனையிலும் இருக்கும். நீளப் பக்கத்தின் நடுவில் எதுவும் இருக்காது. இரவு முழுக்கப் பாம்பு அந்த நடுவிடத்தைத்தான் மூக்கால் தள்ளிக்கொண்டிருக்கும். சூடு பட்ட பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியிருக்கும், விட்டுக்கொடுக்கும். ஆபீஸில் கத்தைக் காகிதத்தைப் பிடிக்கும் கறுப்பு கிளிப் இரண்டை நீளப் பக்கத்தில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. இங்கே வெயில் காலத்தில் பாம்புகள் சுறுசுறுப்பாகி ஓடிப்போவது அதிகம். விலங்கு நலச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ வருஷா வருஷம் இதைச் சொல்லி எச்சரிக்கிறது. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் குளியலறையில் அப்படி ஒன்று தலைகாட்டினால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

துளை போடுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகனையும் அவன் பாம்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். ராயல் பைத்தான், மூக்கு நுனி செதில் உரிந்து சிவந்து கிடந்தது. "தங்கச்சி, எனக்கு இந்தச் சாமானைக் கண்டாலே நடுங்கும். ஆனா மூக்கில ரத்தத்தைக் கண்டாப் பிறகு பாவமாக் கிடக்கு. சாப்பாடும் எடுக்குதில்லை" என்றார். மகன் வாய் திறக்கவில்லை, போனை நீட்டினான். படத்தில் நான்கு பக்கமும் தெள்ளத்தெளிவாகத் தெரியும் டப்பா. துளைகளை வெளியிலிருந்து உள்நோக்கித் துளைத்திருந்தான். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உள்பக்கம் பிசிறு நின்றது, அரிவாள்மணை மாதிரி. காற்று வரும் இடத்தில் பாம்பு மூக்கை வைத்து உரசும், பிசிறு அறுத்துவிடும். மறைவே இல்லாத பெட்டி என்பதால் ஓயாமல் வழி தேடி உரசியிருக்கிறது, சாப்பிடவும் பயந்திருக்கிறது.

டாக்டர் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். பெட்டிக்கு நான் சொன்னேன்: உள்ளிருந்து வெளிநோக்கித் துளை, பிறகு உள்பக்கத்தை விரலால் தடவிப் பார், விரலுக்கு உறுத்துவது அதற்கும் உறுத்தும். பற்றவைக்கும் சால்டரிங் கம்பியால் சுட்டுப் போட்டால் விளிம்பு வழவழப்பாக வரும். அதைத் தோட்டத்தில் வைத்துச் செய், புகையை மூச்சில் இழுக்காதே. சூடான பக்கத்தில் துளைகள் மேலே இருக்கட்டும், குளிர்ந்த பக்கத்தில் கீழே. சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், அந்த இடத்துக்குக் கீழேயிருந்து புதுக்காற்று வரும். மூன்று பக்கம் கறுப்புத் தாள் ஒட்டு. உள்ளே இரண்டு ஒளிவிடம் வை, சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் பாம்பு பயத்துக்கும் குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும். "உதைத்தான் நானும் அண்டைக்குச் சொன்னனான், எல்லாருக்கும் ஒரு மறைப்பு வேணுமெண்டு" என்று அந்த அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார்.

இனி சூடு. ராயல் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25, 26. கார்ன் ஸ்னேக்குக்கு ஒரு பக்கம் 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 24. பெட்டி முழுக்க ஒரே சூடு இருப்பது பாம்புக்கு நல்லதில்லை. நகர்ந்து நகர்ந்துதான் அது தன் உடம்பைச் சரிசெய்துகொள்ளும். டப்பாவுக்குப் பெரும்பாலும் ஹீட் மேட் வைப்பார்கள், தாள்போல மெல்லிய மின்விரிப்பு. அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைச் சொருகவே கூடாது. இதில் நான் சமரசம் பேசமாட்டேன். கடைக்காரர் "இது சூடு அதிகமாகாது, தானாக நிற்கும்" என்றாலும் நம்பாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத விரிப்பு, மேலே கனமான ஒளிவிடம் அழுத்தினால், ஐம்பது டிகிரியைத் தாண்டிப் போகும். சுடுகிற இடத்தை விட்டுப் பாம்பு உடனே விலகிவிடும் என்று நாம் நினைப்போம். அதன் வயிற்றுக்கு அந்த எச்சரிக்கை சரியாக வந்து சேர்வதில்லை. வெயிலுக்குப் பழகிய உடம்பு, சூடு மேலேயிருந்து வரும் என்றுதான் எதிர்பார்க்கும். மேசைமேல் பாம்பைத் திருப்பும்போது வயிற்றுச் செதில்கள் வரிசையாகப் பழுப்பேறி, ஓரம் தூக்கி, அடியில் நீர் கோர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆற மாதக்கணக்கு ஆகும். ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும்.

தெர்மோஸ்டாட் இருந்தும் சுட்டுக்கொண்ட பாம்புகள் உண்டு. எப்படி என்றால், அதன் கண்ணான சின்னக் கம்பிமுனையைப் பாம்பு படுக்கும் இடத்தில் வைத்திருப்பார்கள். பாம்பு இரவில் புரண்டு அதைக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும். கருவி "குளிராக இருக்கிறது" என்று எண்ணி விரிப்பை ஓயாமல் சூடாக்கும். அதனால் கம்பிமுனையை டப்பாவுக்கு அடியில், விரிப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒட்டிவிடுவதே மேல். உள்தரையின் சூட்டைத் தூரத்திலிருந்து அளக்கும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டரால் வாரம் ஒரு முறை சரிபாருங்கள். படுக்கைத் தூளை நாலு விரல்கடை போட்டுவிட்டு, மேலே தொட்டுப் பார்த்து "சூடே இல்லையே" என்று டிகிரியை ஏற்றுகிறவர்களும் உண்டு. பாம்பு தோண்டிக்கொண்டு கீழே போகும். அங்கே கொதிக்கும்.

பிவிசி பெட்டியில் மேலேயிருந்து சூடு கொடுக்கலாம், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் பிவிசி ஏறத்தாழ எண்பது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சூடாக்கும் பீங்கான் பல்பின் மேல்புறமோ இருநூறு டிகிரியைத் தாண்டும். பல்பை மேல்பலகையோடு ஒட்டி மாட்டக்கூடாது. பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக்கூடும் வேண்டும். பல்புக்கு ஏற்ற தெர்மோஸ்டாட் எது என்று கடையில் கேட்டு வாங்குங்கள். விரிப்புக்கு இருப்பது பல்புக்குச் சரிவராமல் போகலாம்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் வளர்ப்பவர்களிடையே அடிதடி வரை போகும். பெரிய பெட்டியில் விட்டால் குட்டி சாப்பிடாது என்பது பழைய பேச்சு. குட்டியைப் பயமுறுத்துவது வெட்டவெளிதான், அளவு இல்லை. இலை, மரப்பட்டை, குழாய், காகிதக் கசங்கல் என்று நிரப்பினால் பெரிய பெட்டியிலும் நிம்மதியாகச் சாப்பிடும். வியாபாரத்துக்கு இனப்பெருக்கம் செய்கிறவர்கள் மேசை இழுப்பறை மாதிரி அடுக்குகளில், ஒரு இழுப்பறைக்கு ஒரு பாம்பு என்று வைப்பார்கள். பாம்பு எப்போதும் சுருண்டுதானே கிடக்கிறது என்பது அவர்கள் வாதம். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் 65 பாம்புகளை ஒரு மணி நேரம் கவனித்தார்கள்; 24 பாம்புகள் அந்த நேரத்துக்குள் உடம்பை நேராகவோ ஏறக்குறைய நேராகவோ நீட்டின. நீட்ட இடம் இருந்தால் நீட்டுகிறது. 2021-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ராயல் பைத்தான்களை இழுப்பறையிலும் விசாலமான பெட்டியிலும் வைத்துப் பார்த்தார்கள். ஏறுவது, வெயில் காய்வது, தோண்டுவது எதற்கும் இழுப்பறையில் வழியில்லை. முழு வளர்ச்சியடைந்த ராயல் பைத்தானுக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரத்துக்குக் குறைவாக நான் சொல்வதில்லை. சாதாரண டப்பா குட்டிப் பருவத்துக்கும், தோல் நோய் வந்தால் தனிமைப்படுத்தவும், பெட்டி கழுவும் நேரத்துக்கும் போதும்.

பராமரிப்பில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கழிவை அன்றன்றே எடுத்துவிடுங்கள். பாம்பின் சிறுநீர் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும், அது யூரிக் அமிலம், பயப்பட வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்றி, உள்பக்கத்தை விரலால் தேயுங்கள். வழுவழுப்பு இருந்தால் கிருமிப் படலம் கட்டியிருக்கிறது. காலையில் சுவரெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் துளை போதவில்லை. ஈரம் குறைந்தால் கிண்ணத்தைச் சூடான பக்கமாக நகர்த்துங்கள், கூடினால் குளிர்ந்த பக்கம். வேர்வையும் அழுக்கும் சேர்ந்து நின்றால் வயிற்றுச் செதில் அழுகும், சளி பிடிக்கும். வாயைத் திறந்து மூச்சு விட்டு, ஓரத்தில் நுரை கட்டினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கண் பால்வெள்ளையாக மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். ஐஸ்கிரீம் டப்பாவின் பக்கத்தில் ஓட்டை போட்டு, ஈரப் பாசியை உள்ளே அடைத்து வைத்துவிட்டால், அதற்குள் போய்ச் சுருண்டு, ஒரே உறையாக உரித்துவிட்டு வரும். தமிழர் வீட்டில் காலி ஐஸ்கிரீம் டப்பாவுக்கா பஞ்சம்!

மாதம் ஒரு தரம் முழுக்கக் கழுவலாம். நம் வீடுகளில் கை முதலில் டெட்டாலுக்குத்தான் போகும். போகக்கூடாது. தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினிகளில் பீனால் சார்ந்த பொருள்கள் இருக்கும், ஊர்வனவற்றுக்கு அவை விஷம். கால்நடை மருத்துவர் தரும் கிருமிநாசினியோ, நீர்த்த குளோர்ஹெக்சிடினோ போதும். பத்து நிமிஷம் ஊறவிட்டு, அலசி, காயவைத்து, வாசனை போன பிறகு படுக்கை போடுங்கள். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் நெடி நுரையீரலைக் கெடுக்கும். கொதிக்கும் தண்ணீரை டப்பாவில் ஊற்றாதீர்கள். ஒரு தடவைதான் ஊற்றியிருப்பீர்கள், விளிம்பு நெளிந்துவிடும், மூடி சரியாகப் பொருந்தாது, அன்று இரவு பெட்டி காலி. கரடுமுரடான பாத்திர நார் போட்டுத் தேய்த்தால் கீறலெல்லாம் அழுக்குக்கு வீடாகும். தெளிவான முன்கதவு அக்ரிலிக் என்றால் ஸ்பிரிட், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடும். எல்லாவற்றையும் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் வெளியே குழாயடியில் கழுவுங்கள். ஆரோக்கியமான பாம்பிடமும் சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி இருக்கும். உறைய வைத்த தீனி எலியிலும் இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை.

பழைய பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம்தான், நான் வைத்திருக்கும் இரண்டில் ஒன்று அப்படி வந்ததுதான். எடுத்து வருமுன் விளிம்பின் அடிப்பக்கம், கண்ணாடி ஓடும் தடம், திருகாணிக் குழி இந்த மூன்று இடத்தையும் வெள்ளைக் காகிதத்துக்கு மேல் வைத்துத் தட்டுங்கள். மிளகுத்தூள் மாதிரி கரும்புள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் நிற்காமல் ஊர்ந்தால் அது பாம்புப் பேன். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவிவிட்டு வீடு திரும்புங்கள், போட்டிருந்த சட்டையையும் நேரே துணி துவைக்கப் போடுங்கள்.